சின்ன மாமியும் அவளைப் பாடியோரும்

சனரஞ்சகப் பாடல்கள் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு விசித்திரமான நிலை காணப்படுகின்றது. பாடலை எல்லோரும் அறிவர். அதனை ஆக்கியவரைச் சிலரே அறிவர். யாழ்ப்பாணத் தீவகத்தின் நாரந்தனை முதல் தமிழர் குடியேறிய மேலைநாட்டு நகரங்கள் வரை, திருமண வீடுகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் 'சின்ன மாமியே' என்ற பாடல் தொடங்கப்பட்டதும் சிறுவர் முதல் முதியோர் வரை கைதட்டிச் சேர்ந்து பாடுகின்றனர். அது யாருடைய பாடல் என்ற வினாவுக்கு அவர்களுட் பலரிடம் விடை இல்லை. இவ்வாறு பெயர் மறக்கப்படுவது பாடலுக்குக் கிடைத்த வெற்றியா, பாடியவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியா என்பதே இக்கட்டுரையின் விசாரணையாகும்.

நாரந்தனை பனையும் வானம் பார்த்த வயலும் உள்ள சிற்றூர். சைவரும் கத்தோலிக்கரும் அருகருகே வாழும் இப்பகுதியில் கோயில் திருவிழாவும் தேவாலயப் பெருநாளும் மக்களின் கலை வாழ்வுக்கு நிலைக்களன்களாய் இருந்தன. நாட்டுக்கூத்து இங்கு வேரூன்றிய கலை. கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரை ஊர் மறப்பதில்லை. அவர் தெருவில் நடந்து வந்தால் 'அண்ணாவியார் வாறார்' என்று சிறுவர் வழிவிடுவர். பாட்டும் பாட்டுக்குரியவரும் ஒரே ஊரில் வாழ்ந்த காலம் அது. ஆக்கியவனை மறப்பதற்கு அங்கு இடமிருக்கவில்லை.

இந்த நிலை மாறுவதற்குத் தீவக மக்களின் பொருளாதார வாழ்வும் ஒரு காரணமாயிற்று. மண் போதிய வருமானம் தராமையால் தீவக இளைஞர் பலர் தென்னிலங்கை நகரங்களுக்குச் சென்று கடைகளில் வேலை செய்தனர். காலப்போக்கில் சிலர் சொந்தமாகக் கடை வைத்தனர். வருடப் பிறப்புக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அவர்கள் திரும்பி வந்தபோது பெட்டியிற் புதுத்துணி வந்தது. வாயில் புதுப்பாட்டும் வந்தது. அப்பாட்டுகளுட் பல 'பைலா' எனப்படுபவை.

பைலாவின் வரலாறு கவனத்துக்குரியது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரோடும், அவர்கள் வழி வந்த ஆபிரிக்க மக்களோடும் தொடர்புடைய ஆட்டப்பாட்டு மரபொன்று இந்நாட்டிற் கலந்தது. 'கபிரிஞ்ஞா' எனப்படும் துள்ளு நடை அதன் அடிப்படை. அந்நடையைச் சிங்களச் சனரஞ்சக இசைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் வொலி பஸ்ரியன். பொலிஸ் சேவையிற் கடமையாற்றிய அவருக்குப் பின் எம். எஸ். பெர்னாண்டோ போன்றோர் அதனை மேலும் பரப்பினர்.

இது தீவகத்துக்கு முற்றிலும் அந்நியமான சரக்கு என்று கூறுதல் பொருந்தாது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கயிற்ஸ்' என்ற பெயரே, துறைமேடை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பர். நாரந்தனை வீட்டுத் திண்ணையிற் கிடக்கும் கதிரையும், காலையில் உண்ணும் பாணும், மாலையிற் சிலர் நாடும் தவறணையும் அம்மொழி தந்த சொற்களே. கதிரையில் அமர்ந்து பாண் உண்ணும் ஒருவர், பைலா மட்டும் பிறருடையது என ஒதுக்குவாராயின் அதில் நியாயம் குறைவு.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இந்தத் துள்ளு நடை தமிழுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் 'பொப் இசை' என்றும் 'துள்ளிசை' என்றும் பெயர் வழங்கலாயிற்று. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் காலத்தில் தென்னிந்தியச் சனரஞ்சக வெளியீடுகளின் வரவு குறைந்தமையும், உள்நாட்டுக் கலைஞருக்கு ஓரளவு இடம் திறந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை ஒருபுறம் மெல்லிசையையும் மறுபுறம் பொப் இசையையும் நேயர்களிடம் கொண்டு சென்றது. திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷ் பாடிய 'உனக்குத் தெரியுமா' என்ற பாடல் அக்காலத்து இளைஞர் பலரின் காதற் கடிதங்களுக்குத் துணைபுரிந்தது.

எனினும் யாழ்ப்பாணத்துப் பேச்சையும் வாழ்வையும் கிற்றாரின் தந்தியோடு சேர்த்துக் கட்டிய பெருமை உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்துக்கே உரியது. 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய இரு பாடல்களும் அவருடையவை. இவற்றை வெறும் வேடிக்கைப் பாட்டுகள் என்று தள்ளிவிடுதல் எளிது. சற்று நின்று நோக்கினால் அவற்றின் ஆழம் புலப்படும்.

'சின்ன மாமியே' வினாவிடை வடிவில் அமைந்தது. மருமகன் முறையான இளைஞன் ஒருவன் மாமியிடம் அவளுடைய மகள் எங்கே என்று கேட்கின்றான். பள்ளிக்கூடம் சென்றுவிட்டாள் என்று மாமி பெருமையோடு விடையளிக்கின்றாள். அவனோ அங்கே அவளை அனுப்புதல் ஆபத்து என்று எச்சரிக்கின்றான். மேலோட்டமாக நோக்கின் இது ஒரு நகைச்சுவை. ஆனால் இதனுள் யாழ்ப்பாணச் சமூகத்தின் இரு பெரும் நிறுவனங்கள் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. மச்சாள் தனக்கே உரியவள் என்ற முறையுரிமை ஒருபுறம். பிள்ளை படித்தே ஆகவேண்டும் என்ற கல்விப் பற்று மறுபுறம். பெண்கள் பள்ளிக்கூடம் செல்லத் தொடங்கியதும் முறை மாப்பிள்ளையின் உரிமை ஆட்டங்கண்டது. அந்த இளைஞனின் அக்கறை உண்மையில் அச்சமே. இதனை ஓர் ஆய்வாளன் பல பக்கங்களில் எழுதியிருப்பான். நித்தி கனகரத்தினம் சில அடிகளிற் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார். வினாவும் விடையுமாகப் பாட்டை வளர்ப்பது நம் நாட்டார் பாடல்களில் உள்ள பழைய முறையே. ஆகவே வாத்தியம் புதிதாயினும் பாட்டின் எலும்பு பழையது.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்பதும் அவ்வாறே. மதுவிலக்கைப் பற்றி மேடைகளில் எத்தனையோ சொற்பொழிவுகள் நிகழ்த்தப்பட்டுள்ளன. இப்பாடலோ உபதேசம் செய்யாமல் மன்றாடுகின்றது. பனை நிறைந்த ஊரில் கள் சிலருக்குச் சீவியம். வேறு சிலரின் வீட்டில் அது அடுப்பெரியாத இரவு. இந்த இரண்டையும் அறிந்தவர்களுக்கு அப்பாடலின் சிரிப்பின் பின்னாலுள்ள கெஞ்சுதல் விளங்கும். குடித்தவரும் அதைப் பாடினர், குடியால் துன்புற்றவரும் பாடினர் என்பதே அதன் வலிமை.

இவ்விசையை மேடைகளிலும் இசைத்தட்டுகளிலும் பெருமளவு பரப்பிய மற்றொருவர் ஏ. ஈ. மனோகரன். 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என நேயர்கள் அவரை அழைத்தனர். தீவகத்தோடும் அவருக்கு ஒரு கலைத்தொடர்பு உண்டு. நெடுந்தீவைக் களமாகக் கொண்டு செங்கை ஆழியான் எழுதிய 'வாடைக்காற்று' நாவல், பிரேம்நாத் மொறாயஸின் நெறியாள்கையில் 1978இல் திரைப்படமாக வெளிவந்தபோது அவர் அதில் நடித்தார். அவர் குரலிற் பரவிய 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்தது. ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டு வந்த கதையைச் சொல்வது. கடற்கரை மக்களுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

'சுராங்கனி'யின் பயணம் நமது விசாரணைக்கு நேரடியாகப் பயன்படுவது. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் அது இடம்பெற்றது. அதன் பின்னர் தமிழகத்து நேயர் பலருக்கு அது ஒரு சினிமாப் பாட்டு. அது பாக்கு நீரிணையைக் கடந்து வந்தது என்பதை அறிந்தோர் அவருட் சிலரே. மனோகரனும் தமிழகம் சென்று 'சிலோன் மனோகர்' என்ற பெயரிற் பல படங்களில் நடித்தார். 2018 சனவரியிற் சென்னையிற் காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். பாடல்கள் மட்டும் யாரிடமும் விடைபெறாமல் ஊரிலேயே தங்கிவிட்டன.

இத்தகைய மறதி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டுப்புறச் சனரஞ்சக இசையின் தொடக்கமாகக் கருதப்படும் ஒலிப்பதிவுகள் 1927இல் பிரிஸ்ரல் என்ற நகரில் நடைபெற்றன. அங்கு முதன்முதலிற் பதிவுசெய்யப்பட்டோருள் கார்ட்டர் குடும்பத்தினர் புகழ்பெற்றவர்கள். அக்குடும்பத்தின் தலைவரான ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமங்கள் தோறும் சென்று பாடல்களைத் திரட்டினார். அவருடன் சென்று மெட்டுகளை மனத்திற் பதித்து மீட்டுக் கொடுத்தவர் லெஸ்லி றிடில் என்ற கறுப்பினக் கிற்றார்க் கலைஞர். இசைத்தட்டிற் கார்ட்டர் பெயர் இருந்தது. றிடிலின் பெயரை உலகம் நெடுங்காலத்தின் பின்னரே அறிந்தது. அவ்விசையின் பெருங்கலைஞராகிய ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவயதிற் கற்றதும் றூபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகரிடமே. வெள்ளையரின் இசை என்று நெடுங்காலம் விற்கப்பட்ட அவ்விசையின் முக்கிய வாத்தியமாகிய பான்ஜோவே ஆபிரிக்காவின் கொடை. இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நூதனசாலைகளும் இப்பெயர்களைத் தேடி எடுத்து உரிய இடத்தில் வைக்க முயல்கின்றன.

நமது பல்கலைக்கழகங்கள் இவ்விடயத்திற் செய்தது என்ன? ஒரு துறையில் அவை பெரும்பணி ஆற்றியுள்ளன. 1960களில் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைக் கிராமத்திலிருந்து பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டு வந்தார். 1962இல் மேடையேறிய 'கர்ணன் போர்' அம்முயற்சியின் தொடக்ககால வெற்றிகளுள் ஒன்று. படித்தோர் நாணி ஒதுக்கிய கலை, படித்தோரின் பெருமையாயிற்று. ஆனால் அதே காலத்திலும் அதனை அடுத்தும், மாணவர் விடுதி அறைகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் மேசையைத் தட்டிப் பாடப்பட்ட துள்ளிசைப் பாடல்கள் அதே கவனத்தைப் பெறவில்லை. மாலையிற் பாடிய பாட்டு மறுநாட்காலை விரிவுரைக்கு உரிய பொருளாகத் தோன்றவில்லை.

இதற்குக் கூறப்படும் காரணங்கள் முற்றாகத் தவறானவையும் அல்ல. பொப் இசை மேனாட்டு மோகத்தின் வெளிப்பாடு, அது ஆழமற்றது, சமூகம் எரியும்போது ஆடச் சொல்வது என்பன அவற்றுட் சில. மெட்டுகள் பல இரவல் பெற்றவை என்பதும் பாடல்கள் சில வெறும் சொற்கூட்டம் என்பதும் மறுக்கவியலாதவை. ஆனால் கூத்திலும் எல்லாப் பாட்டும் இலக்கியமன்று. நல்லதையும் அல்லாததையும் பிரித்தறிவதற்கே ஆய்வு வேண்டும். ஆழமற்றது என்று முதலிலேயே தீர்ப்பளித்துவிட்டால் பின்னர் ஆழம் பார்க்க எவரும் இறங்கமாட்டார்.

நாரந்தனையைச் சேர்ந்த முதியவர் ஒருவரின் வாழ்வு இங்குச் சான்றாகத்தக்கது. இளமையில் தென்னிலங்கை நகரொன்றிற் கடைச் சிப்பந்தியாக இருந்தவர் அவர். 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் ஊர் திரும்பினார். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்களிற் பெரும்பாலானோர் வெளியேறியபோது அவரும் குடும்பத்தோடு வெளியேறி வன்னியில் வாழ்ந்தார். பல்லாண்டுகள் கழித்து மீண்டபோது வீட்டின் கூரை இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. பல்கலைக்கழகத்திற் பயிலும் அவருடைய பேத்தி ஒருநாள் 'சின்ன மாமியே' பாடலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கவிட்டு, "அப்பு, இது ஆற்ற பாட்டு?" என்று கேட்டாள்.

"ஆற்றயோ? எங்கட பாட்டுத்தான் பிள்ளை" என்றார் அவர்.

அவள் நித்தி கனகரத்தினத்தின் பெயரைச் சொன்னாள். அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் மனத்தில் எழுந்தது வேறொரு முகம். ஊர்த் திருவிழாவில், விடியும் வரை நடந்த இன்னிசைக் கச்சேரியில், இரவல் கிற்றாரோடு அப்பாடலைப் பாடிய அயல்வீட்டு இளைஞனின் முகம் அது. அவ்விளைஞன் இடம்பெயர்வின்போது இறந்துபோனான். அவனுக்கு இசைத்தட்டு இல்லை, ஒளிப்படமும் எஞ்சவில்லை. முதியவருக்கு அந்தப் பாட்டே அவனுடைய ஒரே அடையாளம். அவனுடைய பெயரை அன்று அவர் பேத்திக்குச் சொன்னார். அவள் அதைத் தன் குறிப்பேட்டில், பாடலை ஆக்கியவரின் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டாள்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு இங்கு ஒருவாறு விடை கிடைக்கின்றது. 'எங்கட பாட்டு' என்று ஊர் உரிமை கொண்டாடுதல் பாடலுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு. அதை எந்தக் கலைஞனும் வெறுக்கமாட்டான். ஆனால் ஊரின் உரிமை ஆக்கியவனின் பெயரை அழித்துத்தான் நிலைபெற வேண்டும் என்பதில்லை. கூத்துக்கு அண்ணாவியாரின் பெயர் இருந்தது; அதனாற் கூத்து ஊருக்கு அந்நியமாகிவிடவில்லை. வீடும் கிணறும் ஏடும் இழந்த சமூகத்துக்குப் பாட்டு ஒரு சுமையற்ற சொத்தாகக் கூடவே வந்தது. அச்சொத்தைத் தேடித் தந்தவர்களை அறிந்துவைத்திருத்தல் பெற்றவர்களின் கடன்.

அக்கடனைத் தீர்க்கும் வழியும் கடினமானதன்று. தமிழ்த் துறைகளில் நாட்டார் வழக்காறு பயிலும் மாணவர், தத்தம் ஊர்களில் 1970களில் இயங்கிய இசைக்குழுக்களைப் பற்றி விசாரிக்கலாம். யார் பாடினார், யார் டோலக் வாசித்தார், கிற்றார் எங்கிருந்து வந்தது, எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டு மீண்டும் கேட்கப்பட்டது என்பவற்றைப் பதிவு செய்யலாம். இசைத்தட்டுகளின் உறைகளையும் கச்சேரித் துண்டுப்பிரசுரங்களையும் பழைய பெட்டிகளிலிருந்து எடுத்துப் பாதுகாக்கலாம். அக்காலத்தை நேரிற் கண்டோர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.