தாத்தாவின் ஹெரால்டு

கார் பழுதுபார்ப்பது பெண்பிள்ளைகளுக்கு ஆகிற காரியமா என்று எங்கள் தெருவில் கேளாதவர் இல்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கடந்த கோடை விடுமுறை முழுவதும் அக்காளும் தங்கையுமாகிய நாங்கள், அப்பாவுடன் தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கீழேயே கிடந்தோம்.

1959இல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு என்று பிறந்து, 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரான கார் இது. வடிவம் தந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். தாத்தா வாங்கியது 1971இல். பாட்டி இருந்தவரை ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் மாதா திருவிழாவுக்குத் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு இதில்தான் போவார்களாம். பாட்டி மறைந்தபின் வண்டி கொட்டகையிலேயே நின்றுவிட்டது. தாத்தாவுக்கு இப்போது 84 வயது. "இன்னும் ஒரே ஒரு தடவை இந்த வண்டியிலே மாதாவைப் பார்த்துட்டு வந்துடணும்" என்பது அவர் ஆசை. அம்மாவோ, "பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார், கொடுத்தால் ஒழுகும் கூரையையாவது பார்க்கலாம்" என்றார்கள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. சேஸிஸ் கெட்டிருந்தால் விற்றுவிடுவது என்று அப்பா முடிவு சொன்னார்.

ஹெரால்டில் உடல் தனி, சேஸிஸ் தனி; போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். முன்பகுதி முழுவதும் மட்கார்டுகளோடு முன்னோக்கித் திறக்கும். எஞ்சினைச் சுற்றி எங்கும் கை போகும். எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்காகவே செய்தார்களோ என்னவோ! சேஸிஸை அங்குலம் அங்குலமாக ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு கணீரென்றது. துருவேறிய இடம் பொத்தென்றது. பின்பக்கக் கிளைச் சட்டம் ஒன்று மட்டும் ஓட்டை. வெல்டிங் வைத்தால் போதும் என்றார் தெருமுனை மெக்கானிக் மாமா. அன்றிரவு எங்கள் வீட்டில் செபமாலை சற்று உரக்கவே ஒலித்தது.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. எடுத்தவுடன் சாவி போட்டுத் திருப்பக் கூடாது என்று மாமா எச்சரித்திருந்தார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, துளைகளில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். தினமும் காலையில் தாத்தா தடியூன்றி வந்து, "அசைஞ்சுதா?" என்பார். ஆறாம் நாள் முன்புறக் கப்பியின் நட்டில் பெரிய ஸ்பானரை மாட்டி அப்பா அழுத்த, அரை விரற்கடை நகர்ந்தது. எங்களில் இளையவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் பாம்போ என்று ஓடிவந்தனர்.

50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிய 2021இல் மத்திய அரசு விதி செய்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழங்கார்ப் பேரணி போன்றவற்றுக்கே எடுக்கலாம். தாத்தா போவது பேரணிக்கா? ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பிப்பது என்றாயிற்று. அதற்குத் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். "ஓடுறது அப்புறம், முதல்ல நிக்கணும்" என்று மாமா எங்களைப் பிரேக் பக்கம் திருப்பிவிட்டார். சக்கர சிலிண்டர்களுக்குள் ரப்பர் கல்லாகியிருந்தது. புதியவற்றுக்குச் சொல்லியிருக்கிறோம்.

கழற்றிய நட்டுகள் பெயர்ச்சீட்டுடன் பிஸ்கட் டப்பாக்களில் காத்திருக்கின்றன. காரை மூடியிருந்த தார்ப்பாயை அம்மா கூரைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காருக்கு இனி அது வேண்டாமாம்.