லிங்கம் இல்லாத கோவில்... ஊருக்குப் பெயர் தந்த பீடம்!

திருவாசகம் படித்துவிட்டு, 'திருப்பெருந்துறைக்கு எப்படிப் போவது?' என்று தேடுபவர்கள் முதலில் கொஞ்சம் குழம்பிப்போவார்கள். காரணம், பஸ் போர்டில் இருக்கும் பெயர் ஆவுடையார்கோவில். புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கி.மீ. தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். தாலுகாவுக்கும் இதே பெயர்தான்.

சிவலிங்கம் நிற்கும் பீடத்தைத்தான் 'ஆவுடையார்' என்பார்கள். எல்லா சிவன் கோவில்களிலும் ஆவுடையாரின் மேல் லிங்கம் இருக்கும். இங்கே கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு, லிங்கம் கிடையாது. சுவாமியின் பெயர் ஆத்மநாதர். ஆன்மாவுக்கு உருவம் இல்லை. அதனால் அதன் தலைவனுக்கும் இங்கே உருவம் இல்லை.

பெயருக்கு இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். 'ஆ' என்றால் பசு. சைவ சித்தாந்தத்தில் பசு என்பது உயிரைக் குறிக்கும். உயிர்களை உடையவர், ஆவுடையார். ஆத்மநாதர் என்பதற்கும் அதுதானே அர்த்தம்!

அம்பாள் யோகாம்பாளுக்கும் உருவம் இல்லை, பாதங்கள் மட்டும்தான். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. நைவேத்தியம்கூட வித்தியாசமானதே. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் பரப்பி, அதன் ஆவியைத்தான் சுவாமிக்கு நிவேதிக்கிறார்கள். கூடவே கீரையும் பாகற்காயும்.

பழைய பெயரில் இருக்கும் 'துறை'க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்க, அமைச்சராக வந்தவர் திருவாதவூரர். வந்த இடத்தில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். குதிரைப் பணம் கோவில் திருப்பணிக்குப் போனது. அமைச்சர் மாணிக்கவாசகர் ஆனார். இங்கே திருவிழாவில் வீதியுலா வருபவரும் அவரே.

ஊர்ப்பெயர் சிற்பிகள் வாயிலும் புழங்கியது. அந்தக் காலத்தில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்களாம். அவ்வளவு கஷ்டமான வேலை! அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டம், குறுக்குக் கம்பி, குமிழ் ஆணி எல்லாம் தெரியும். அத்தனையும் கல்!

இன்று 'ஆவுடையார்' என்ற பெயர் பஸ்ஸிலும் பட்டாவிலும் தினமும் புழங்குகிறது. 'திருப்பெருந்துறை' பெரும்பாலும் ஓதுவார்கள் நாவில்தான் வாழ்கிறது. வீட்டுப் பிள்ளைகளோடு போகும்போது இரண்டு பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால், திருவாசகம் பிறந்த ஊர் எது என்று நாளைக்கு அவர்களும் தேட வேண்டியிருக்கும்.