பல் பிடுங்கப் போன தம்பிக்கு

மன்னார்குடி பக்கத்திலிருந்து,
8-10-2025

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று ஆரம்பித்தாலே காது அந்தப் பக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். படிக்காமல் டிராயரில் போட்டாலும் உன் சம்சாரம் எடுத்துப் படித்து உனக்கு ஒப்பித்துவிடுவாள்.

முதலில் இந்தப் பக்கத்துப் புலம்பலைக் கொட்டிவிடுகிறேன். குறுவை அறுத்தாயிற்று. நெல் வீட்டுக்கும் வரவில்லை, விலைக்கும் போகவில்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். நம்முடையது 19 காட்டுகிறது. உன் மச்சான் வெயில் அடித்தால் கிளறிவிட்டுக் காயவைக்கிறார், மேகம் கூடினால் ஓடிப்போய் மூடுகிறார், ராத்திரி அங்கேயே கயிற்றுக் கட்டிலில் படுக்கை. சாப்பிட வரும்போது சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று என்னிடம் கத்துகிறார். லாரியை நானா முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்?

என் கதை வேறு. பென்ஷன் நேர்காணலுக்குப் போனால் கைரேகை விழவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்த பையன், "பாத்திரம் விளக்கி விளக்கித் தேஞ்சிருக்கும்மா" என்கிறான். உயிரோடு எதிரில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். நான் உயிரோடு இருப்பதை மெஷின் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். கடைசியில் கண்ணைக் காட்டி முடித்துக்கொண்டு வந்தேன். முட்டிவலி வழக்கம்போல. எதிர்வீட்டுக் காதுகுத்துக்குக் கட்டிய ரேடியோ செட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. இவ்வளவுதான் இங்கே.

இனி உன் விஷயம். பாப்பா போன் பண்ணினாள். "அத்தை, அப்பாவுக்குப் பல் பிடுங்க முடியாதுன்னு டாக்டர் திருப்பி அனுப்பிட்டார். பிரஷர் 176க்கு 108 இருக்காம். அப்பா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுங்கிறார்" என்றாள். அவளை அதட்டாதே. அவள் சொல்லாமல் இருந்திருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் மனசுக்குள்ளேயே நிற்கிறது. "டென்ஷன்க்கா. தீபாவளி போனஸைப் போட்டு முடிச்சிட்டா தானா இறங்கிடும்."

உன் டென்ஷன் எனக்குப் புரியாமல் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றினான். உனக்குத் தையல் ஜாப் ஒர்க் கொடுக்கிற கம்பெனிக்கு ஆர்டர் நின்றால், அடுத்த நாள் உன் பவர் டேபிளும் ஓவர்லாக்கும் நிற்கும். வாடகை நிற்காது, கரண்ட் பில் நிற்காது, சனிக்கிழமை சம்பளம் நிற்காது. பழைய பில் பாக்கியைக் கேட்டுப் போனால் "எங்களுக்கே வரல" என்று உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்புகிறார்களாம், உன் சம்சாரம் சொன்னாள். ஊருக்குப் போன வடக்கத்திப் பையன்கள் திரும்பி வருவார்களா என்று ஒரு கவலை, வந்தால் வேலை இருக்குமா என்று இன்னொரு கவலை. நானாக இருந்தால் இந்நேரம் படுத்தே போயிருப்பேன்.

ஆனால் தம்பி, கவலை ஒரு கணக்கு, பிரஷர் ஒரு கணக்கு. நீ இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுகிறாய். கோபம் வந்தால், பயந்தால், மாடி ஏறினால் யாருக்கும் பிரஷர் ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். இறங்காமல் நிற்கிறதே, அது வேறு. அப்பாவிடமிருந்து வந்த ரத்தம், வயசு, உப்பு, தொப்பை, குடி, தூக்கம் எல்லாம் சேர்ந்து, ரத்தக்குழாய் மெல்ல மெல்ல விறைத்துக்கொண்டு வருகிற சமாசாரம். போனஸ் கொடுத்து முடித்தால் அது இளகாது. தீபாவளி போனால் பொங்கல், பொங்கல் போனால் பாப்பாவுக்குக் கடைசி வருஷ ஃபீஸ். உன் கவலை தீர்கிற நாள் பார்த்து மாத்திரை ஆரம்பிப்பது என்றால், அந்த நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை.

கிராம சுகாதார செவிலியராக நான் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் சுற்றியது பெரும்பாலும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்காகவும் தடுப்பூசிக்காகவும்தான். பிரஷர், சர்க்கரை எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தபோது நான் சர்வீஸில்தான் இருந்தேன். வீட்டுக்கே போய் அளந்து, மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டு வருவார்கள் நம் தன்னார்வப் பெண்கள். அடுத்த மாதம் போனால் பாதி வீட்டில் அட்டை அப்படியே பிரிக்காமல் சாமி மாடத்தில் இருக்கும். கேட்டால், "தல சுத்துனா போட்டுக்கலாம்னு வெச்சிருக்கேன்." சில வீட்டில் புருஷனுக்குக் கொடுத்ததைப் பெண்டாட்டியும் பங்கு போட்டுச் சாப்பிடுவாள், ஒரே வீட்டு வியாதிதானே என்று. ஆம்பளைகளோ எங்களைத் தெருமுனையில் பார்த்ததுமே கொல்லைப்புறமாகப் போய்விடுவார்கள். நீயும் அந்த ஜாதிதான்.

தலை சுற்றவில்லை, தலை வலிக்கவில்லை, ஆகையால் ஒன்றும் இல்லை என்று நீ சொல்வதுதான் எனக்கு ரொம்பப் பயம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அப்பாவுக்கு என்ன இருந்தது? அன்று காலையில் வரப்பு வெட்டிவிட்டு வந்து, நீராகாரம் குடித்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தவர். வாய் ஒரு பக்கம் இழுத்ததை அம்மா முதலில் சிரிப்பு என்று நினைத்தாள். அதற்குப் பிறகு இருந்த காலம் முழுக்க அவர் வாயில் வந்தது ஒரே வார்த்தை, "வண்டி". தண்ணீர் வேண்டும் என்றாலும் வண்டி, புரண்டு படுக்க வேண்டும் என்றாலும் வண்டி. நீ அப்போது திருப்பூரில் கைமடிக்கிற பையனாக இருந்தாய், எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போனாய். நான்தான் கூட இருந்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்தது, சொல்லத்தான் முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

பல் டாக்டரின் மெஷின் சரியில்லை என்று நீ சண்டை போட்டாயாமே. இங்கே கொள்முதல் நிலையத்திலும் இதே கூத்துதான்; 19 காட்டினால் மெஷின் பொய், 16 காட்டினால் மெஷின் நல்ல மெஷின். ஆனால் உன் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பல் வலியோடு, ஊசிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஏறித்தான் காட்டும். அதற்காக அந்த எண்ணை அப்படியே விட்டுவிட முடியாது. இந்த வாரமே ஒரு பொது டாக்டரைப் பார். கூடவே வீட்டிலும் அளந்து எழுதி வை. மணிக்கட்டில் மாட்டுகிற மெஷின் வேண்டாம், மேல்கையில் பட்டை கட்டுகிறதை வாங்கு. உன் கை பருமன், பட்டை சின்னதாக இருந்தால் கூடுதலாகக் காட்டும்; கடையில் கட்டிப் பார்த்து வாங்கு.

அளக்கிறதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாங்களே அவசரத்தில் தப்பும் தவறுமாக அளந்ததுண்டு, சொல்லிக்கொள்கிறேன். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார். காலைத் தரையில் ஊன்று, காலுக்கு மேல் கால் போடாதே. கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வை. தொங்கவிட்டால் ஏறிக் காட்டும். அளக்கும்போது பேசாதே. போன் வந்தால் எடுக்காதே. உனக்கு இதுதான் கஷ்டம். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை எடு. ராத்திரியும் இதே மாதிரி. ஒரு வாரம் எழுதினால் சராசரி தெரிந்துவிடும். வீட்டில் சராசரி 135க்கு 85ஐத் தாண்டினால் அது நிஜமான பிரஷர், அதற்குப் பிறகு மெஷினைத் திட்டக்கூடாது.

இன்னொரு விஷயம், இது எனக்குப் பாப்பா சொல்லாமலே தோன்றியது. பல் பிடுங்காமல் வந்தாயே, வலிக்கு என்ன பண்ணுகிறாய்? மருந்துக் கடையில் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொண்டுதானே ஓட்டுகிறாய்? டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். பிரஷரால் பல் பிடுங்க முடியவில்லை, பல்வலி மாத்திரையால் பிரஷர் இறங்கவில்லை என்று நீ சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். இன்றோடு நிறுத்து. டாக்டரிடம் என்னென்ன விழுங்கினாய் என்று மறைக்காமல் சொல்.

உப்பைப் பற்றி உன் சம்சாரத்துக்குத் தனியாகச் சொல்கிறேன். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டேன் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் வைத்துக்கொண்டால் என்ன லாபம்? கம்பெனியில் நாலு மணி டீயோடு நீ தின்கிற பப்ஸிலும் மிக்சரிலும் உப்புதான். இந்துப்பு வாங்கிவிட்டேன் என்கிறாள். விலைதான் கூட, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம்தான். சோடியம் குறைத்த உப்பு என்று ஒன்று விற்கிறார்கள், அதில் பொட்டாசியம் சேர்ப்பார்கள். உன் கிட்னி எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம்.

சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு நீ போகிற இடத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் ஏற்றும். நீ விடுகிற குறட்டையும் ஒரு சங்கதி. நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பாப்பா சொன்னாள். நாம் சிரித்துப் பேசுகிற விஷயமாக அதை விடாதே. தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் பிரஷர் இறங்காது. டாக்டரிடம் சொல், கூச்சப்படாதே.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு எத்தனை வருஷமாகச் சட்டைத் தையலைப் பார்க்கிறாய், அதை விடவா முடிந்தது? பூண்டு, வேர் என்று உன் கூட்டாளி சொல்வதையும் கேட்டேன். வேரை நான் மட்டமாகப் பேசமாட்டேன். எங்கள் பழைய டாக்டர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: சர்ப்பகந்தி வேர் பிரஷரை இறக்குவதை பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற டாக்டர் நோயாளிகளிடம் பார்த்து 1949இல் வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதினார், மூன்று வருஷத்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் மனச்சோர்வு வருகிறது என்று பார்த்து அதை ஓரங்கட்டினார்கள். அளவு தெரியாத வேரை விட, அளவு தெரிந்த மாத்திரை மேல்.

நானும் மாத்திரைக்காரிதான், உனக்குத் தெரியும். அம்லோடிபின் போட்ட புதிதில் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. டாக்டரிடம் சொன்னேன், அளவைக் குறைத்து இன்னொன்றைச் சேர்த்தார், சரியாகிவிட்டது. உனக்கும் கால் வீங்கலாம், இருமல் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். வந்தால் சொல்லி மாற்றிக்கொள். அளவு 130க்கு 80 வந்துவிட்டது, குணமாகிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே; அது மாத்திரையால் வந்த 130. காசு ஒரு பிரச்சினை என்றால், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் சும்மாவே கிடைக்கும். முதலாளி வரிசையில் நிற்பதா என்று நினைக்காதே. கூடவே சர்க்கரை, கிரியாட்டினின், மூத்திரம், ஈசிஜி பார்த்துவிடு.

பாப்பாவிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவின் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வரவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடு, ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று. அடைப்பைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான். சின்னப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பணம் எவ்வளவு குறைகிறது என்று எழுது. நெல் போனால் கணக்கில் வருகிறதில் கொஞ்சம் அனுப்ப உன் மச்சானே சொன்னார், நான் கேட்கவில்லை. கத்துகிறாரே தவிர உன் பேச்சு வந்தால் குரல் இறங்கிவிடும். திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

லாரி வந்து நெல்லை ஏற்றிய மறுநாள் நான் செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவேன். விடிவதற்குள் திருப்பூரில் இறக்கிவிடும், ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், பாப்பாவை அனுப்பு. அதற்குள் டாக்டரைப் பார்த்த சீட்டும், ஒரு வாரம் எழுதிய நோட்டும் மேசைமேல் இருக்க வேண்டும். நீ எழுதியதா, நான் வருகிற அன்று காலையில் உட்கார்ந்து ஒரே பேனாவில் ரொப்பியதா என்று எனக்குப் பார்த்தாலே தெரியும். ஊரெல்லாம் அப்படி ரொப்பிய ரிஜிஸ்தர்களைத் திருத்தியவள் நான்.

உப்பு நார்த்தங்காய் கேட்டிருந்தாய். இந்த வருஷம் நன்றாக ஊறியிருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
அன்புடன்,
அக்கா