பெரிய பாட்டியின் கேள்விகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விடும் நாட்கள் ஆண்டுதோறும் மார்கழியின் நடுவில்தான் அமைகின்றன. விடியலுக்கு முன்பே நடை திறந்து, கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலித்துக்கொண்டிருக்கும் அதே வாரத்தில்தான் பேரப்பிள்ளைகளும் நம் வீடு தேடி வருகிறார்கள். இறைவன் நமக்கென்றே செய்து வைத்த ஏற்பாடு இது என்று நான் எண்ணுவதுண்டு. ஆயினும் அந்த ஏழெட்டு நாட்களைக் குழந்தைகளோடு எப்படிக் கழிப்பது என்னும் யோசனை, மூத்தவர்கள் இருக்கும் எல்லா வீடுகளிலும் எழத்தான் செய்கிறது. சென்ற மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்ததை, அந்த யோசனைக்கு உதவக்கூடும் என்று கருதி எழுதுகிறேன்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், என் தாயாருடன் இருப்பதற்காகவே நானும் என் மனைவியும் கும்பகோணத்தில் குடியேறினோம். தாயார் 1935-ஆம் ஆண்டு, யுவ வருடத்தில் பிறந்தவர். திருமணமாகி இவ்வூருக்கு வந்த நாள் தொட்டு, எழுபது ஆண்டுகள், ஏதேனும் ஒரு கோயிலுக்குப் போகாமல் அவர் இரவு உணவு உண்டதில்லை. சென்ற கோடையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதன்பின் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கண்பார்வையும் சில ஆண்டுகளாகவே மங்கி, எதிரில் நிற்பவரின் உருவம் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

உடல்நிலையைவிட எங்களைக் கவலையில் ஆழ்த்தியது அவருடைய மௌனம். கோயிலுக்குப் போய்வந்து விபூதியோ துளசியோ கொடுத்தால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். உணவும் நாளுக்கு நாள் குறைந்தது. சக்கர நாற்காலியில் உட்கார வைக்கிறோம் என்றாலும் வேண்டாம் என்று தலையசைத்துவிடுவார். "எலும்பு சேர்ந்துவிட்டது. இனி அவருக்கே எழ வேண்டும் என்ற எண்ணம் வர வேண்டும்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இந்நிலையில்தான் டிசம்பர் கடைசி வாரத்தில் பெங்களூரிலிருந்து பன்னிரண்டு வயதுப் பேரனும், சென்னையிலிருந்து ஒன்பது வயதுப் பேத்தியும் தத்தம் தாயாருடன் வந்து சேர்ந்தார்கள்.

முதல் நாள் விடியற்காலையில் கும்பேசுவரர் கோயிலுக்குப் போய், மங்களாம்பிகையைத் தரிசித்து, சூடான பொங்கல் பிரசாதத்துடன் திரும்பினோம். பேரன் கைபேசியில் எடுத்த கோபுரத்தின் படத்தைப் பெரிய பாட்டியிடம் நீட்டினான்.

"எனக்கு அது தெரியலைடா கண்ணா. நீ பார்த்ததை வாயால சொல்லு. அம்பாளுக்கு இன்னிக்கு என்ன புடவை?" என்றார் தாயார்.

மாதக்கணக்கில் நாங்கள் கேட்காத கேள்வி அது. பேரன் விழித்தான். பேத்தி முந்திக்கொண்டு, "பச்சை" என்றாள்.

"என்ன கரை?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாளைக்குப் பார்க்கறச்சே நல்லாப் பாருங்கோ. நான்தான் வர முடியலையே, எனக்காகவும் சேர்த்துப் பாருங்கோ" என்றார். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டை நடத்தியது இந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டாம் நாள் காலை சாரங்கபாணி கோயில். பதினொரு நிலை இராசகோபுரத்தையும், சக்கரங்களும் குதிரைகளும் யானைகளும் பூட்டிய கல்தேராகவே அமைந்த கருவறையையும் கவனமாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு வந்தார்கள். தாயாரோ, "எந்த வாசல் வழியா உள்ளே போனீங்க?" என்றார். அதை அவர்கள் கவனித்திருக்கவில்லை. மாலையில் தாங்களாகவே என்னை இழுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினார்கள்.

அக்கோயிலின் கருவறைக்கு இரண்டு வாசல்கள். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசலும், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசலும் திறந்திருக்கும். சூரியன் வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் செல்லும் காலக்கணக்கைப் பேரன் பள்ளியில் படித்திருக்கிறான். அதற்கென ஒரு கோயிலில் கதவே இருக்கிறது என்பது அவனுக்குப் பெரும் வியப்பு. வீட்டுக்குள் ஓடிவந்து, "தட்சிணாயன வாசல்! இன்னொண்ணைத் தை மாசம்தான் திறப்பாங்களாம்" என்று கூவினான்.

"சரி, பெருமாள் எப்படி இருக்கார்?"

பேத்தி நிதானமாகச் சொன்னாள்: "படுத்திருக்கார். ஆனா முழுசாப் படுக்கலை. எழுந்திருக்கப் போற மாதிரி தலையைக் கொஞ்சம் தூக்கியிருக்கார்." சற்று நிறுத்திவிட்டு, "இப்போ நீங்க இருக்கிற மாதிரியே, பெரிய பாட்டி" என்றாள்.

அப்போதுதான் நாங்கள் அனைவரும் பார்த்தோம். குழந்தைகள் சொல்வதைக் கேட்பதற்காகத் தாயார் முழங்கையைத் தலையணையில் ஊன்றித் தாமாகவே தலையை உயர்த்தியிருந்தார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினாலன்றி எழாதவர். என் மனைவி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அந்தத் திருக்கோலத்திற்கு உத்தான சயனம் என்று பெயர். எழுந்து தம்மோடு உரையாட வேண்டும் என்று திருமழிசை ஆழ்வார் விண்ணப்பிக்க, ஆராவமுதன் எழத் தொடங்கினார் என்பதும், பக்தனுக்காக எழுந்த அந்த நிலையிலேயே இருந்து அருளும்படி ஆழ்வார் வேண்டிக்கொண்டார் என்பதும் தலவரலாறு. அன்றிரவு தாயாரே இக்கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னார். பல மாதங்களுக்குப் பின் அவர் தொடர்ந்து அத்தனை நேரம் பேசியதைக் கேட்டோம்.

மூன்றாம் நாள் இராமசுவாமி கோயில். தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்துத் திருப்பணி. இராமபிரானும் சீதாப்பிராட்டியும் ஒரே ஆசனத்தில் பட்டாபிஷேகக் கோலத்தில் வீற்றிருக்கும் சந்நிதி. இம்முறை வினாத்தாள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது: "யார் யார் கையில் என்னென்ன இருக்குன்னு பார்த்துண்டு வரணும்." பரதன் குடை பிடிக்கிறான், சத்ருக்னன் சாமரம் வீசுகிறான், இலக்குவன் வில்லோடு நிற்கிறான், ஆஞ்சநேயர் கையில் வீணையும் இராமாயணச் சுவடியும் என்று இருவரும் விரல்விட்டு ஒப்பித்தார்கள். பிராகாரச் சுவரில் தீட்டப்பட்டிருக்கும் இராமாயண ஓவியங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக் கதை சொன்னான் பேரன். கும்பகர்ணனை எழுப்பும் இடம் வந்தபோது தாயார் வாய்விட்டுச் சிரித்தார்.

நான்காம் நாள் தாராசுரம். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில். கருவறையின் வெளிச்சுவரில் நாயன்மார்களின் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகள் குனிந்தும் உட்கார்ந்தும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் கண்டுபிடித்தது பேத்தி. ஒருபுறம் மறைத்தால் காளை, மறுபுறம் மறைத்தால் யானை. "அப்படி ஒண்ணு இருக்கா? நான் சுவாமியைப் பார்த்துட்டு வந்துடுவேனே, சுவரைப் பார்த்ததில்லையே" என்றார் தாயார். பெரிய பாட்டிக்கே தெரியாத ஒன்றைத் தான் சொல்லிவிட்ட பெருமிதத்தில் அன்று பேத்திக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் உப்பிலியப்பன் கோயில். மார்க்கண்டேய முனிவரின் மகளாக வளர்ந்த பூமிதேவியைப் பெருமாள் மணம் கேட்டு வந்தபோது, உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாத சிறுமி என்றார் முனிவர். உப்பில்லாமலேயே ஏற்றுக்கொள்கிறேன் என்றார் பெருமாள். இன்றும் அங்கே நிவேதனத்தில் உப்புச் சேர்ப்பதில்லை. இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் குறைத்த நாளிலிருந்து உணவைக் கண்டாலே முகம் திருப்பிக்கொண்டிருந்த தாயாருக்குப் பேரன் அந்தப் பிரசாதத்தைக் கையில் கொடுத்தான். முழுவதையும் உண்டார். "டாக்டர் எனக்கு உப்பைக் கொஞ்சம்தான் குறைச்சார். பெருமாள் முழுசாவே விட்டுட்டாரே" என்றார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வேலை குறைந்தது.

ஆறாம் நாள் சுவாமிமலை. அறுபது தமிழ் வருடங்களைக் குறிக்கும் அறுபது படிகள் அங்கே உண்டு. "என் யுவ வருஷத்துப் படியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வாங்கோ" என்று சொல்லியனுப்பினார். 1995-இல் யுவ வருடம் மீண்டும் வந்தபோது, அறுபது நிறைந்தவராக அந்தப் படிகளில் எங்களுக்கு முன்னால் ஏறிப்போனவர் அவர். முருகன் சந்நிதிக்கு எதிரே மயிலுக்குப் பதிலாக யானை இருப்பதையும் அன்று குழந்தைகள் கேட்காமலேயே கவனித்து வந்து சொன்னார்கள். மைந்தன் உபதேசிக்கத் தந்தை மாணவனாகப் பணிந்து கேட்ட தலம் அது. அன்று மாலை கட்டிலருகே ஒன்பது வயதுச் சிறுமி கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்ல, தொண்ணூறு வயது மூதாட்டி கண்மூடிக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அத்தலத்தின் பொருள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதாகத் தோன்றியது.

ஊருக்குக் கிளம்பும் நாளன்று விடியற்காலையில் பேத்தி வாசலில் கோலம் போட்டாள். சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி நடுவில் வைத்தாள். "எத்தனை புள்ளி?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பதினஞ்சு. நீங்களே வந்து பாருங்க பெரிய பாட்டி. கோலம் பெரிசு, உங்களுக்குத் தெரியும்" என்றாள் குழந்தை. சில விநாடிகள் பேச்சில்லை. பின்னர், "அந்த நாற்காலியை எடுத்துண்டு வாங்கோ" என்றார் தாயார்.

மருத்துவர் சொல்லியும் நாங்கள் மன்றாடியும் ஏறாத நாற்காலியில் அவரை அமர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்தோம். வெள்ளைக் கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரிந்தனவா என்று நான் கேட்கவில்லை. மார்கழிப் பனியில் கோயில் மணி கேட்டது. ஒலி வந்த திசை நோக்கிக் கைகூப்பினார்.

குழந்தைகளுக்குப் பக்தி இல்லை, கோயிலில் மனம் நிற்பதில்லை என்று நம் வயதினர் பலரும் வருந்துகிறோம். அந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் குழந்தைகளுக்கு உபதேசம் செய்யவில்லை. கைபேசியைப் பிடுங்கி வைக்கவும் இல்லை. தாங்கள் பார்த்து வந்து சொல்வதற்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனாலேயே சந்நிதியில் அவர்களுடைய கண்கள் அலையாமல் நின்றன.

நாலாயிர திவ்யப் பிரபந்தம் நமக்குக் கிடைத்ததும் இப்படி ஒரு கேள்வியால்தான். குடந்தை ஆராவமுதனைப் பற்றிய நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களை அடியார்கள் பாடக் கேட்ட நாதமுனிகள், ஆயிரத்துள் இவை பத்து என்றால் எஞ்சியவை எங்கே என்று கேட்டார். அந்தத் தேடல் அவரைக் குடந்தைக்கும், பிறகு ஆழ்வார்திருநகரிக்கும் அழைத்துச் சென்றது. கேட்பவர் ஒருவர் இருந்ததால்தான் மறைந்திருந்தது மீண்டும் வெளிப்பட்டது.

முழங்கால் வலியாலோ பார்வைக் குறைவாலோ கோயிலுக்குப் போக இயலாமல் வீட்டோடு இருக்கும் அன்பர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். தம்மால் இனி யாருக்கு என்ன பயன் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவே வேண்டாம். எழுபது ஆண்டுகள் தரிசித்தவருக்குத்தான் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். பேரப்பிள்ளைகள் கோயிலுக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள். திரும்பி வந்ததும் அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். கோயிலுக்குச் செய்யும் தொண்டில் இதுவும் ஒன்று.

இப்போது தாயார் நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் வாசலில் நாற்காலியில் அமர்கிறார். எழுந்து நடக்கவில்லை, நடப்பாரா என்பது இறைவன் சித்தம். சனிக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து பேரன் தொலைபேசியில் அழைக்கிறான். அவர்கள் குடியிருப்புக்கு அருகில் சிறிய அனுமார் கோயில் ஒன்று உண்டாம். போன வாரம் வடைமாலையைப் பற்றி விரிவாகச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாலில் மணி கட்டியிருக்கா?" என்றார் தாயார். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

"நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன், பெரிய பாட்டி" என்றான்.