வெங்காயம் இல்லாத தாளிப்பு

குடல் நோய் என்று தெரிந்தால் வீட்டில் உள்ளவர்கள் முதலில் மிளகாய் டப்பாவைத்தான் ஒளித்துவைப்பார்கள். என் சமையலறையிலிருந்து முதலில் வெளியேறியது வெங்காயக் கூடை, அடுத்தது பூண்டு. மிளகாய் அளவாக இன்னும் இருக்கிறது.

எனக்கு வந்திருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண்ணும் அழற்சியும். மாத்திரையில் ரத்தப்போக்கு நின்றது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவரும் புண் ஆறிவிட்டது என்றார். ஆனாலும் உப்புசமும் இரைச்சலும் திடீர் அவசரமும் விடவில்லை. சிங்கப்பூரில் மார்சிலிங்கிலிருந்து தேக்காவுக்குப் போக நியூட்டனில் ரயில் மாறவேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு எம்ஆர்டி வரைபடம் கழிப்பறை வரைபடமாகத்தான் மனப்பாடம். அந்த நிலையில்தான் உணவியல் நிபுணர் ‘லோ ஃபாட்மேப்’ உணவுமுறையைச் சொன்னார்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நம்மவர்கள் அறியவேண்டிய நோய் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் செய்த ஆய்வுகளில், சீனர்களையும் மலாய்க்காரர்களையும்விட இந்தியர்களிடம் இந்தக் குடல் அழற்சி கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. ஆனால் நம் கல்யாண வீட்டுப் பேச்சில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ள இடம் இதற்கு இல்லை. மலத்தைப் பற்றி யார் பந்தியில் பேசுவார்கள்!

ஃபாட்மேப் என்பது மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வைத்த பெயர். பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல் முதன்முதலாக இந்தப் பெயரில் எழுதியதே கிரோன் என்னும் குடல் அழற்சி நோயைப் பற்றிய கட்டுரையில்தான். பின்னால்தான் அது எரிச்சல் குடல் கோளாறுக்கான உணவுமுறையாக உலகெங்கும் பரவியது. விஷயம் இதுதான்: சில வகைச் சர்க்கரைகளைச் சிறுகுடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்குகின்றன; அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால், மாம்பழம், காலிஃபிளவர், முந்திரி எல்லாம் அந்தச் சர்க்கரைகள் உள்ள பொருள்களின் பட்டியலில் வரும். பட்டியலைப் பார்த்த அம்மா கேட்டார்: “வெங்காயமும் பருப்பும் இல்லாம என்னடி சாம்பார்? பேசாம கஞ்சியே குடிச்சிடேன்.”

கஞ்சி தேவைப்படவில்லை. அரிசி தடையில்லாத பொருள். வெங்காயம் இல்லாமல் சமைப்பதும் நமக்குப் புதிதல்ல. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகுப் பொங்கல் என்று கோயில் மடைப்பள்ளியில் இறங்குகிற எதிலும் வெங்காயம் கிடையாது. புரட்டாசி விரதத்திலும் திவசச் சமையலிலும் அதைத் தொடாத வீடுகள் எத்தனையோ. மார்சிலிங் ரைஸில் இருக்கும் சிவ-கிருஷ்ணா கோயிலுக்குப் போய்வரும் நான் இதை மெல்பர்னிலிருந்து கற்கவேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான். எலுமிச்சைச் சாதத்தில் முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை போட்டால் போதும். பொங்கலில் பயத்தம்பருப்பை ஒரு கைப்பிடியாகக் குறைத்தால் போதும்.

கை பழகவேண்டியது தாளிப்பில். வெங்காயம், பூண்டில் வயிற்றைப் படுத்துகிற சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழு வெங்காயத்தைக் குழம்பில் கொதிக்கவிட்டு எடுத்துப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரிப்படாது. கொதிக்கும்போதே சர்க்கரை குழம்பில் இறங்கிவிடும். நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டைச் சிறு தீயில் பொன்னிறமாக்கி, பூண்டை முழுக்க வடித்தெடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே கடுகு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்தால் ரசத்தில் பூண்டு மணக்கும், வயிறு புரளாது. பூண்டுத் துண்டு ஈரமில்லாத எண்ணெயில்தான் இறங்கவேண்டும். தண்ணீர் சேர்ந்த பிறகு பூண்டு உள்ளே இருக்கக்கூடாது. இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்த்துவிடுங்கள். பூண்டு ஊறிய எண்ணெயை வெளியே வைத்திருந்தால் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சு உருவாகலாம். நம் ஊர்ச் சூட்டில் அந்த விளையாட்டே வேண்டாம்.

வெங்காய வாசனைக்கு வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி உதவும். அடிவெள்ளையை வெட்டி வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, இலையை மட்டும் பொடியாக அரிந்து, அடுப்பை அணைத்த பிறகு தூவவேண்டும். கொதியில் விட்டால் மணம் போய்விடும். பெருங்காயம் இங்கே நமக்குப் பெரிய துணை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரு சிட்டிகை அளவில் அது எனக்குத் தொந்தரவில்லை. ஆனால் கோதுமைப் புரதமே ஆகாத சீலியாக் நோயாளிகள் பொட்டலத்தைப் படித்துத்தான் வாங்கவேண்டும்.

பருப்பை நான் முழுக்க விடவில்லை. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவிட்டு, அதையும் வடித்துவிட்டால் வாயுச் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடும். சத்தும் கொஞ்சம் போகும்தான், பரவாயில்லை. அதில் இரண்டு கரண்டி போட்டு, கேரட், கத்தரிக்காய், தக்காளியோடு நீர்த்த சாம்பார். மாவு புளிக்கும்போது உளுந்தின் அந்தச் சர்க்கரையும் குறைவதால், நன்றாகப் புளித்த இட்லி எனக்கு ஒத்துக்கொண்டது. லாக்டோஸ் நீக்கிய பாலில் வழக்கமான உறைமோரையே விட்டால் தயிர் நன்றாக உறைகிறது. தயிர்சாதம் கைவிட்டுப் போகவில்லை என்பதே எனக்குப் பாதி மருந்து.

வெளியே சாப்பிடுவதுதான் கடினம். மார்சிலிங் மால் உணவங்காடியில் பார்க்கச் சாதுவாக இருக்கிற கோழிச் சோற்றின் அரிசி பூண்டில் வதங்கி வந்தது. மீன் சூப்பும் பீஹூனும் பரவாயில்லை. பால் வேண்டாம், பொரித்த வெங்காயம் தூவவேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடவேண்டும். கோப்பிக்கடையில் கட்டிப்பால் இல்லாத கோப்பி ஓ.

இடையில் அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தும் ‘எஸ்சிடி’ உணவுமுறையைச் சிலர் எடுக்கச் சொன்னார்கள். அதற்குப் பழைய வரலாறு உண்டு. 1950களில் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் முன்வைத்ததை, தன் மகளின் குடல் நோய் அதில் தணிந்ததைக் கண்ட இலைன் காட்ஷால் பிற்பாடு புத்தகமாக்கிப் பரப்பினார். அமெரிக்காவில் கிரோன் நோயாளிகள் 194 பேரிடம் அதையும் மத்தியதரைக் கடல் உணவையும் ஒப்பிட்டு, 2021இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் அறிகுறி தணிந்தவர்கள் எஸ்சிடியில் 46.5 விழுக்காடு, மற்றதில் 43.5. இந்தச் சிறு வித்தியாசத்துக்காகச் சோற்றை விட நான் தயாரில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்த உணவு நோயை ஆற்றுவதில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நோய் அடங்கியிருந்தும் வயிற்றுத் தொந்தரவு தீராத 52 பேரில் லோ ஃபாட்மேப் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கு நிம்மதி கிடைத்தது. பொய் உணவுமுறை எடுத்தவர்களில் 16 விழுக்காடு. அழற்சிக் குறியீடுகளில் வித்தியாசம் இல்லை. வயிறு சுகமாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தினால் உள்ளே புண் சத்தமில்லாமல் திரும்பலாம். மலத்தில் கால்ப்ரொடெக்டின் சோதனை செய்தால் தெரியவரும். கிரோன் நோயால் குடல் சுருங்கியவர்களுக்கு வேறு கணக்கு: வயிற்றுக்கு நல்லது என்று பாட்டி கொடுக்கும் வாழைத்தண்டும் முருங்கைக்காய் நாரும் அங்கே அடைத்துக்கொள்ளக்கூடும்.

விலக்குகிற வேலை இரண்டு முதல் ஆறு வாரம்தான். அதோடு நின்றுவிடுகிறவர்கள் பலர். நன்றாக இருக்கிறதே, எதற்கு வம்பு என்று வருடக்கணக்கில் அதே பத்தியத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உடம்பு இளைக்கலாம். குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கும் தீனி குறையும். உண்மையான வேலை திரும்பச் சேர்ப்பதில் இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒரே பொருள். முதல் நாள் சிறிது, மறுநாள் இன்னும் கொஞ்சம், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு சில நாள் இடைவெளி விட்டு அடுத்தது. மாம்பழமும் முந்திரியும் ஒரே வாரத்தில் கூடாது. என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு என்ன சொன்னது, தூக்கம் எப்படி என்று எல்லாம் நோட்டில் ஏறவேண்டும். எனக்குப் பருப்பு பெரும்பாலும் திரும்பிவிட்டது, சின்ன வெங்காயம் இரண்டு மூன்று என்றால் சரி, சப்பாத்தி ஒன்று போதும். பூண்டு இன்னும் எண்ணெயோடு சரி. உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். என்னுடையதைப் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி, உணவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். ஆறு வாரத்தில் மாற்றம் எதுவும் தெரியாவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் நிறுத்திவிட்டு, அடுத்த சந்திப்புக்கு நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.