லண்டன்ல இருந்து வர எத்தனை மணி நேரம்?

சென்னைக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினால், உடனே பதில் வந்துவிடும். சுமார் 8,200 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் 10 முதல் 11 மணி நேரம்.

அந்த மணிக்கணக்கும் நிலையானது இல்லை. பூமி உருண்டையில் இரண்டு ஊரையும் ஒரு நூலால் இணைத்தால், பாதி வழி காஸ்பியன் கடலில், பாகு நகரத்துக்கு அருகே வரும். ஆனால், விமானம் நூல் பிடித்தாற்போல் போக முடியாது. 2022-ல் போர் தொடங்கியதும் உக்ரைன் வான்வழி மூடப்பட்டது. சுற்றித்தான் போக வேண்டும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' காற்று, லண்டனிலிருந்து வரும்போது விமானத்தைத் தள்ளிவிடும். போகும்போது எதிர்த்து நிற்கும். அதனால் போவதைவிட வருவது சீக்கிரம்.

டிஜிட்டல் டெஸ்க்கில் இதையெல்லாம் எழுதுவது என் வேலை. ஆனால், வீட்டில் தேவைப்படும் கணக்கு வேறு.

போன ஜனவரியில், கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் அப்பாயி தவறிப்போனார். அதிகாலை 4 மணி. லண்டனில் இருக்கும் அக்காவுக்கு அப்போது முந்தைய நாள் இரவு 10.30.

விடிந்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்ப எடுக்கிறீங்க?"

"பத்து மணி நேரம்தானே, சாயங்காலம் எடுத்துடலாம்" என்றார் ஒரு மாமா, போனைப் பார்த்தபடி.

நேரடி விமானத்தில் டிக்கெட் இல்லை. துபாய் வழிதான் கிடைத்தது. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். விமானம் கிளம்பும் வரை பத்தரை மணி நேரம். லண்டன் – துபாய் 7. துபாயில் காத்திருப்பு 4. துபாய் – சென்னை 4. ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர ஒன்றரை. சென்னையிலிருந்து ஊருக்கு காரில் 6. மொத்தம் 33 மணி நேரம். அதில் பறப்பது 11 மணி நேரம் மட்டுமே.

பெரியப்பா தாளை வாங்கிப் பார்த்தார். ஃப்ரீஸர் பாக்ஸைப் பார்த்தார். "அம்மா வளர்த்த புள்ள. வந்து பாக்கட்டும். நாளைக்கு மதியத்துக்கு மேல எடுத்துக்கலாம்" என்றார். அதன்பிறகு யாரும் நேரம் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் 1 மணிக்கு அக்கா வந்து இறங்கினாள். அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் இருந்தால், ஒரு நல்ல நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டு வையுங்கள். வாசலிலிருந்து வாசல் வரை எத்தனை மணி நேரம்? நேரடி விமானம் கிடைக்காவிட்டால் எந்த வழி? பாஸ்போர்ட், விசா காலாவதியாகாமல் இருக்கிறதா? சென்னையில் இறங்கினால் யார் கார் அனுப்புவார்கள்? துக்கத்தில் நிற்கும்போது இதையெல்லாம் யோசிக்க வராது.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் அம்மா ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். அதில் கிலோமீட்டர் இல்லை. 'லண்டன் – 33 மணி' என்று மட்டும் இருக்கிறது.