பீக்கன் ஹில்லின் வடக்குச் சரிவு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் என்றதும் நினைவுக்கு வருவது தெற்குச் சரிவின் மாளிகைகள்தான். குன்றைத் தாண்டி வடக்கே இறங்கினால் சந்துகள் குறுகும், வீடுகள் நெருங்கும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நகரத்துக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் குடியிருந்தது இந்தப் பக்கம். முடிதிருத்துபவர்கள், மாலுமிகள், துணி வெளுப்பவர்கள், வீட்டுவேலை செய்பவர்கள் என எல்லோரும் உழைத்துப் பிழைத்தவர்கள். மாசசூசெட்ஸ் நீதிமன்றங்கள் 1783-லேயே அடிமைமுறையின் வேரை அறுத்துவிட்டதால் சுதந்திர மனிதர்களாக இங்கே அவர்களால் குடும்பம் நடத்த முடிந்தது. சமமாக நடத்தப்பட்டார்களா என்றால், இல்லை.

அமெரிக்க விடுதலைப் போரின் இடங்களை இணைக்கும் 'ஃபிரீடம் டிரெயில்' பாஸ்டனில் 1951-இல் உருவானது. அந்தத் தடத்தில் கறுப்பினத்தவரின் கதைக்கு இடம் போதவில்லை. 1960-களில் சூ பெய்லி தர்மன் என்ற கறுப்பினப் பெண்மணி அவர்களுக்கென்றே ஒரு தடத்தை வரைபடமாக்கினார். இவர் 1935-36-இல் கணவர் ஹோவர்டு தர்மனுடன் இலங்கை, பர்மா, இந்தியா என்று சுற்றி, பர்தோலியில் காந்தியைச் சந்தித்தவர். அவர் தொடங்கிவைத்த முயற்சி அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1980-இல் இப்பகுதி தேசிய வரலாற்றுத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது.

இன்றைய 'பிளாக் ஹெரிட்டேஜ் டிரெயில்' சுமார் இரண்டரை கிலோமீட்டர். மாநில அரசு மாளிகைக்கு எதிரே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் போரிட்ட 54-ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் வெண்கலச் சிற்பத்தில் தொடங்குகிறது. சிற்பி செயின்ட்-கோடன்ஸ் இதற்கு 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். குதிரைமேல் வெள்ளைக்காரத் தளபதி ராபர்ட் ஷா. அவரோடு அணிவகுக்கும் கறுப்பின வீரர்களில் ஒருவர் முகம் இன்னொருவருக்கு இல்லை. தாடி வைத்த பெரியவரும் உண்டு, மீசை அரும்பாத முரசுப் பையனும் உண்டு. மாதம் 13 டாலர் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, 10 டாலர்தான், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம் என்றது அரசு. சம ஊதியம் வரும்வரை ஒரு காசும் வேண்டாம் என்று மறுத்தபடியே ஒன்றரை ஆண்டுபோல் போரிட்டது இந்தப் படை. 1897-இல் சிற்பம் திறக்கப்பட்டபோது மாண்ட வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தன. கறுப்பின வீரர்களின் பெயர்கள் கல்லில் ஏறியது 1980-களில்!

பிலிப்ஸ் தெரு 66-ஆம் எண் வீட்டின் முன் அவசரமில்லாமல் நிற்க வேண்டும். கென்டக்கியில் அடிமையாக இருந்து, 1844-இல் மனைவி ஹாரியட்டோடு தப்பிவந்த லூயிஸ் ஹேடனின் வீடு அது. துணிக்கடை நடத்திக்கொண்டே, தப்பிவந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள் இருவரும். ஜார்ஜியாவிலிருந்து வந்த கிராஃப்ட் தம்பதி இங்கே தங்கினார்கள். வெளிர்நிறத்தவரான எல்லன் கிராஃப்ட் நோயாளிப் பண்ணையார்போல ஆண் வேடமிட்டு, கணவர் வில்லியமை வேலையாளாக நடிக்கவைத்து, ரயிலிலும் கப்பலிலும் பகிரங்கமாகவே பயணம் செய்து தப்பியவர். தப்பிய அடிமைகளைப் பிடித்துத்தர வகைசெய்த 1850 சட்டத்தின் துணையோடு அவர்களைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, வாசலில் வெடிமருந்துப் பீப்பாய்கள் இருக்கின்றன, உள்ளே காலெடுத்து வைத்தால் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டினார் ஹேடன். ஹாரியட் தன் சொத்தை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் படிக்க உதவித்தொகையாக எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தம்மாவின் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

ஜாய் தெருவில் 1835-இல் எழுந்த ஏபியல் ஸ்மித் பள்ளி, கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தனியாகக் கட்டப்பட்டது. வீட்டருகே இருந்த வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து நடக்கவேண்டியிருந்த சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமிக்காக அவள் தந்தை வழக்குப் போட்டார். வழக்கு தோற்றது; போராட்டம் ஓயவில்லை. 1855-இல் மாநிலம் பள்ளிப் பிரிவினையைச் சட்டம் போட்டே ஒழித்தது.

பக்கத்திலேயே, 1806-இல் கறுப்பினத் தொழிலாளர்களின் கைகளால் எழுந்த ஆப்பிரிக்க மீட்டிங் ஹவுஸ் என்ற தேவாலயம். இதற்கு நிதி திரட்டியவர்களில் முதன்மையானவர் கறுப்பினத்தவரான கேட்டோ கார்ட்னர். ஆனால் திறப்புவிழாவில் கீழ்த்தள இருக்கைகள் வெள்ளைப் புரவலர்களுக்கு ஒதுக்கப்பட, கட்டியவர்கள் மாடத்தில் உட்கார்ந்தார்கள். இந்த அவமானத்தையும் மறைக்காமல் சொல்வதுதான் இந்தத் தடத்தின் பெருமை என்று தோன்றுகிறது. 1832-இல் வில்லியம் லாயிட் காரிசனின் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் இதே கட்டடத்தில் பிறந்தது.

பின்னாளில் கறுப்பினக் குடும்பங்கள் சவுத் எண்ட், ராக்ஸ்பரி பக்கம் இடம்பெயர்ந்தன. மீட்டிங் ஹவுஸ் யூத வழிபாட்டிடமானது. 1972-இல் அருங்காட்சியகம் அதை வாங்கி, பின்னர் 1855-இல் இருந்த தோற்றத்துக்கே மீட்டெடுத்து 2011 டிசம்பரில் திறந்தது. தடத்திலுள்ள பழைய வீடுகள் தனியார் குடியிருப்புகள். தெருவில் நின்று பார்ப்பதோடு சரி. உள்ளே போய்ப் பார்க்க பள்ளியும் மீட்டிங் ஹவுஸும் உண்டு. அவற்றுக்கென்று அரைநாளாவது ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது.